வீட்டை எழுதிக்கொடுப்பதற்கு முன்



அழைப்பிதழ் கைக்கு வந்ததும் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை எப்படி உருவானது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதை நிறுவியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை இந்தக் கல்லூரியின் பெயரில் வைப்புநிதியாகப் போட்டிருக்கிறார். முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்த வேண்டும், மிஞ்சினால் ஏழை மாணவர் ஒருவரின் தேர்வுக் கட்டணத்துக்குத் தர வேண்டும் என்று எழுதி, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாராம். அவர் மறைந்த பின்னும் சிக்கலில்லாமல் நடந்து வருகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமையாது.

சிவில் வழக்கறிஞராக என் வாழ்நாளில் பெரும்பகுதி பாகப்பிரிவினை வழக்குகளில் கழிந்தது. அண்ணன் மேல் தம்பி, தம்பி மேல் அக்கா, சில நேரம் பெற்ற பிள்ளை மேல் தாய். பேராசைதான் சண்டைக்குக் காரணம் என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், அப்பா எதையும் எழுதிவைக்காமல் போயிருப்பார்; இல்லையென்றால் ஒருவருக்கும் தெரியாமல் எழுதிவைத்திருப்பார்; அதுவும் இல்லையென்றால் எழுதிக்கொடுக்கக் கூடாத நேரத்தில் எழுதிக்கொடுத்திருப்பார். பேராசை அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைகிறது.

நம் மாநிலத்துக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் அது 18.2 சதவீதமாக இருக்கும் என்பது அரசின் வல்லுநர் குழு போட்ட கணிப்பு. ஐந்தாறு பேர் நின்றால் அதில் ஒருவர் முதியவர். அவருக்கு இருக்கும் பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ. ஒருவர் பெங்களூரில், ஒருவர் கடல் தாண்டி. கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நம் முன்னோர் எழுதாமல் விட்டதையெல்லாம் இனி நாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவர் சேர்த்த சொத்துக்கு முதல் வாரிசு அவருடைய சொந்த முதுமை. பிள்ளைகள் அடுத்துத்தான். இந்த வரிசை மாறியதால் கெட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு முகூர்த்த நாளில் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டோவிலிருந்து ஒரு மூதாட்டியைக் கைத்தாங்கலாக இறக்குவார்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஆதார் அட்டை. உள்ளே ரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொல்வார்கள். ரேகை விழாது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்து, களை பறித்துத் தேய்ந்துபோன விரல். எழுத்தர் ஒரு துணியால் துடைத்துவிட்டு, "நல்லா அழுத்துங்கம்மா" என்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ஒருவழியாகப் பதிந்ததும், "யாரும் வற்புறுத்தலையே? முழுச் சம்மதத்தோடதானே எழுதிக் கொடுக்கிறீங்க?" என்று சார்பதிவாளர் கேட்பார். அந்த அம்மா ஒரு தரம் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்கய்யா" என்பார். வீடு மகன் பெயருக்குப் போய்விட்டது. வெளியே வந்ததும் மகன் அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுப்பான். அவன் நல்ல பிள்ளைதான். அம்மாவைத் தெருவில் விட வேண்டும் என்று நினைத்து அவன் அங்கே வரவில்லை. பேங்க் லோனுக்கு வீடு தன் பெயரில் இருந்தால் வசதி, பிற்காலத்தில் தங்கைகளோடு தகராறு வராது, குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

தான செட்டில்மென்ட் என்ற அந்தப் பத்திரம் பதிவாகி, வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், எழுதிக்கொடுத்தவர் மறுநாள் மனம் மாறிப் போய்த் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியில்லை. உயிர் இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். கடைசியாக எழுதியது செல்லும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும், நம் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, "பையனுக்கு எழுதியாச்சு" என்கிறார்கள்.

2007-இல் நாடாளுமன்றம் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி வருவாய்க் கோட்டாட்சியரே பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவர். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் ஒரு மனுக் கொடுத்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்லி அவர் உத்தரவிடலாம். அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் செய்யாமல் போனால், அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களுக்குள் இழுபறி இருந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்காக வந்த சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது.

அதே ஆண்டு நம் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்துத் தாய் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எண்பத்தேழு வயது. மகள்கள் இருந்தும் ஒரே மகனுக்குத் தன் சொத்தை எழுதிக்கொடுத்தார். தன்னைக் கடைசிவரை அவனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. அப்புறம் மகன் இறந்துவிட்டார். மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் முறையிட்டார் அந்தத் தாய். பத்திரம் ரத்தானது. மருமகள் உயர் நீதிமன்றம் வரை போனார். அன்பின் பேரில் எழுதிக்கொடுக்கும்போது பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் நின்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் எண்பத்தேழு வயதில் ஒரு தாய் கோட்டாட்சியர் அலுவலகத்துப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். மகன் கெட்டவனாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். மகன் முந்திக்கொள்ளலாம். தொழிலில் நொடித்துப்போய்க் கடன்காரன் வீட்டை ஜப்தி செய்யலாம். விவாகரத்து வரலாம். பெற்றோரின் கூரையைப் பிள்ளையின் ஜாதகத்தோடு ஏன் கட்டிப்போட வேண்டும்?

எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை சில வீடுகளில் வரும், மறுக்கவில்லை. அப்போது பத்திர எழுத்தரிடம் மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் வாடகை வாங்கும் உரிமையும் எனக்கு உண்டு. எனக்குப் பின் என் மனைவிக்கும் அவள் ஆயுள் வரை உண்டு. உணவும் மருத்துவமும் தருவது இதை வாங்குபவரின் கடமை. இப்படி எழுதுவதால் பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. நல்ல பிள்ளை இந்த வரிகளைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவான்.

பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். அவசரமாக எழுதிக்கொடுப்பதற்குப் பின்னால் பல வீடுகளில் ஒளிந்திருக்கும் காரணம், மகள்களுக்குப் பங்கு போய்விடக் கூடாது என்பதுதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகனைப் போலவே மகளும் பூர்வீகச் சொத்தில் பங்குதாரர் என்றது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறப்பாலேயே வரும் உரிமை இது, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் வழக்கம் வரவில்லை. இன்றும் மகளை ஊரிலிருந்து வரவழைத்து, பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "கேட்டா அண்ணன் வீட்டு வாசப்படி அத்துப்போயிடும் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்ட பெண்கள் பலர். அப்பாவை ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் தர ஒரு தகப்பனுக்கு உரிமை உண்டு. அதைச் சொல்லிச் செய்யட்டும். மகளை வெறுங்கையோடு கையெழுத்துப் போடவைத்துவிட்டு, முதுமையில் அவளைக் கூப்பிட்டு மருந்து வாங்கித் தரச் சொல்வது நியாயமில்லை.

மருமகளின் நிலை இன்னும் மோசம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு மலம் அள்ளிப் போட்டவளாக இருந்தாலும், கணவன் உயிரோடு இருக்கும்வரை அவள் வாரிசு வரிசையிலேயே வரமாட்டாள். உயில் ஒன்றுதான் அவளுக்கு வழி. அவளுக்கென்று ஒரு சங்கிலியாவது, ஒரு சென்ட் இடமாவது எழுதிவைத்த மாமியாரை நான் மனதார வணங்குகிறேன்.

உயில் என்றால் ஆண்கள் சமாச்சாரம் என்று பெண்கள் விலகியிருப்பதும் தவறு. உயில் எழுதாமல் ஒரு இந்துப் பெண் இறந்தால், அவளாகச் சம்பாதித்த சொத்துக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கணவனும் பிள்ளையும் இல்லையென்றால்? அவளைப் பெற்ற தாய் தகப்பனுக்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். சட்டம் முதலில் கணவனின் வாரிசுகளைக் கூப்பிடுகிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவன் செத்துப்போனான். புகுந்த வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய், வங்கியில் சேமித்து, உயில் எழுதாமலே இறந்துபோனாள். துரத்திவிட்ட வீட்டாருக்கே அந்தப் பணம் போயிற்று. இரக்கத்தைப் பார்த்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்றது நீதிமன்றம். 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவையுங்கள் என்று வேண்டுகோளே விடுத்தது. ஒரு காகிதத்தில் முடிகிற காரியம். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும், பிள்ளை இல்லாதவர்களும் தனித்திருப்பவர்களும் முதலில், இதைச் செய்துவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், கையால் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். சொத்துக் கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவராகப் பாருங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர் அவர்தான். சர்வே எண், நான்கெல்லை சரியாக இருக்கட்டும். ஒருவருக்குக் கூடுதலாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் எழுதினால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி பத்து வருட வழக்கைத் தடுக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன். வயது கூடியவர்கள் அன்றைய தேதியில் மருத்துவர் ஒருவரிடம் நல்ல நினைவோடு இருக்கிறார் என்ற சான்றையும் வாங்கி இணைத்துவிட்டால் பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு, வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. கிறித்தவர்களுக்கு, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு காலாவதியாகிவிடும். அவரவர் சட்டத்தைக் கேட்டு எழுதுவது நல்லது.

உயில் இறந்த பிறகுதான் பேசும். அதற்கு முந்தைய ஆண்டுகளை என்ன செய்வது? மறதி நோய் வந்து, செக்கில் கையெழுத்து மாறிப்போகும் காலம். பக்கவாதத்தில் விழுந்து பேச்சு நின்றுபோகும் காலம். "மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கேன், அவன் பார்த்துக்குவான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவரின் புத்தி பேதலித்தால் அந்தப் பவர் அன்றோடு செத்துவிடும். தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. 1987 மனநலச் சட்டத்தில் இப்படிப்பட்டவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வழி இருந்தது. 2017-இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை.

கணவர் கோமாவில் கிடக்க, அவர் பெயரில் இருந்த சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். தனி நீதிபதி ஏற்கவில்லை. 2024-இல் மேல்முறையீட்டில்தான் இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்தது. சொத்து இருக்கிறது, அதற்குரியவர் படுக்கையில் இருக்கிறார், அவர் உயிரைக் காக்க அந்தச் சொத்தைத் தொட முடியவில்லை. இந்தக் கொடுமை எந்த வீட்டுக்கும் வரலாம். ஆகவே வங்கிக் கணக்கை இருவரில் எவரும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். ஓராண்டுச் செலவுக்காவது உடனே எடுக்கக்கூடிய பணம் அதில் இருக்கட்டும். எல்லாப் பணத்தையும் மனையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்காதீர்கள்.

சிகிச்சையைப் பற்றியும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். மீளவே முடியாத நிலை வந்தால் குழாய்களோடு என்னைக் கிடத்தாதீர்கள் என்று எழுதும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததை 2023-இல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்துப் போதும் என்றார்கள். வெண்டிலேட்டரை எடுக்கலாமா வேண்டாமா என்ற பாரத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாமல் போவது நாம் அவர்களுக்குத் தரும் பெரிய சொத்து.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையோ ஆட்டிசம் உள்ள பிள்ளையையோ வளர்க்கும் பெற்றோர் இங்கே இருந்தால் ஒரு சொல். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயதான பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை மாவட்ட அளவிலான குழு நியமிக்கும். நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சொத்தை நேரடியாக அந்தப் பிள்ளை பெயருக்கு எழுதாமல், ஒரு தனியார் டிரஸ்ட் அமைத்து அதன் வருமானம் அவனுக்குப் போகும்படி செய்வதே பாதுகாப்பு.

இவ்வளவும் சட்டம். இதை வீட்டில் எப்படிப் பேசுவது என்பதுதான் நம்மவர்களுக்குப் பெரிய மலை. நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசாதே என்பார்கள். ஆனால் தகப்பன் இருக்கும்போதே வாரிசுப் பேச்சு எழுவது தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. கோப்பெருஞ்சோழனுக்கு எதிராக அவன் பிள்ளைகளே படை திரட்டினார்கள். சோழனும் வாளெடுத்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் நடுவே போய் நின்றார். உனக்குப் பின் இந்த அரசு அவர்களுக்குத்தானே போகப் போகிறது, வென்றால் யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் பழியல்லவா மிஞ்சும் என்று கேட்டார். புறநானூற்றின் 213-ஆம் பாட்டு அது. போர் நின்றது. சோழன் பின்னர் வடக்கிருந்து உயிர் துறந்தான். தகப்பனும் பிள்ளையும் நேரில் பேச முடியாதபோது இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் உட்காரவைப்பது நம் வழக்கம்தான். தாய்மாமன், குடும்ப டாக்டர், பழைய வாத்தியார், யாராவது ஒருவர். அந்தப் பேச்சில் மகள்களும் இருக்க வேண்டும், மருமகள்களும் இருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். மூலப்பத்திரம் எந்த பீரோவில், பட்டா யார் பெயரில், எல்ஐசி பாண்டு எத்தனை, போஸ்ட் ஆபீஸ் கணக்கு எது, லாக்கர் சாவி எங்கே, நகை அடமானத்தில் இருக்கிறதா, சீட்டு எங்கே கட்டுகிறோம், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், எல்லாம் அதில் இருக்கட்டும். பத்து ஆண்டு யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதைத் தேடவே 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளம் திறக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளிடம் சொல்லாமல் போட்டு வைத்தவர்களின் பணமும் அதில் உண்டு.

நாமினி போட்டாயிற்று, போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல என்று 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்குகளுக்கும் அதுவே பொருந்தும் என்று 2023-இல் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்பதை உயில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் சொத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "உடம்பு முடியாமப் போனா எங்கே, யாரோட இருக்க ஆசைப்படுறீங்க?" என்று அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் வேறு வேறு பதில் சொல்லக்கூடும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே, இருக்கும் வீட்டை உங்கள் ஆயுள் வரை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருவதற்குள் உயிலை எழுதிவிடுங்கள். எழுதியது எங்கே இருக்கிறது என்பதை ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.